விரும்பி வந்தார்களாம்!

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஆள்கடத்தல் நடக்கிறது என்பதே கட்டுக்கதை என்று நிறுவ, சென்ற வாரம் ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறார் தோட்ட நிர்வாகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். செம்பனை முதலாளிகள் சம்பளம் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தால்கூட இத்தனை விசுவாசம் வந்திருக்காது. அவர் சொல்வது இவ்வளவுதான். வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் விரும்பித்தான் வந்தார்கள், யாரும் சங்கிலி போட்டு இழுத்து வரவில்லை. அவர்களுடைய கடப்பிதழை நிர்வாகம் வாங்கி வைப்பது அவர்கள் நன்மைக்கே. அமெரிக்கா சொல்லும் புகாரெல்லாம் நம் பாமாயிலைக் கவிழ்க்கும் சதி. நம் அரசாங்கமோ செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டது, அதற்குச் சான்றாக அமெரிக்காவின் அறிக்கையிலேயே மலேசியா மேலே ஏறியிருக்கிறது. இத்தனைக்கும் மேலே ஒரு மகுடம்: நம் தாத்தா பாட்டிமாரும் இப்படித்தானே கப்பலேறி வந்தார்கள், உழைத்தார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், இவர்களுக்கு மட்டும் என்ன வந்தது?

அமெரிக்காவைச் சதிகாரன் என்று சொல்லிவிட்டு, அதே கட்டுரையில் அந்தச் சதிகாரன் கொடுத்த சான்றிதழை நெஞ்சில் குத்திக்கொள்வதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். முதலில் அந்தச் சான்றிதழைப் பார்ப்போம்.

அமெரிக்க வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் உலக நாடுகளுக்கு ஆள்கடத்தல் ஒழிப்பில் மதிப்பெண் போடுகிறது. 2014-இல் மலேசியாவைக் கடைசித் தட்டான மூன்றாம் நிலைக்குத் தள்ளியது. 2015 மே மாதம் பெர்லிஸ் மாநிலத்தின் வாங் கெலியான் மலைக்காட்டில் கடத்தல்காரர்களின் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. ரோஹிங்கியாக்களையும் வங்காளதேசத்தாரையும் அடைத்துவைத்துக் குடும்பத்தாரிடம் பணம் பறித்த முகாம்கள் அவை. இரண்டு மாதம் கழித்து, ஜூலையில், அதே அமெரிக்கா மலேசியாவை ஒரு படி மேலே ஏற்றி இரண்டாம் நிலைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. பிணங்களை எண்ணி முடிக்குமுன் பதவி உயர்வு! அப்போது பசிபிக் வட்டார வர்த்தக ஒப்பந்தத்துக்கு மலேசியா தேவைப்பட்டது. மூன்றாம் நிலையில் கிடக்கும் நாட்டோடு அந்த ஒப்பந்தத்தை விரைவாக நிறைவேற்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் சட்டம் குறுக்கே நின்றது. அந்தத் துறையின் சொந்த வல்லுநர்கள் சொன்னதை மேலிடம் தள்ளிவிட்டது என்று ராய்ட்டர்ஸ் அடுத்த மாதமே செய்தி வெளியிட்டது. பிறகு 2021-இல் மறுபடி மூன்றாம் நிலை, 2022-லும் அங்கேயே, 2023-இல் மறுபடி கண்காணிப்புப் பட்டியல்.

ஆகவே இறங்கும்போது அந்த அறிக்கையை வேதமென்று நான் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. ஏறும்போது தூக்கிப் பிடிக்கும் உரிமை பெரியவருக்கும் இல்லை. வாஷிங்டனை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வருவோம்.

விரும்பி வந்தார்கள் என்பதுதான் அவருடைய பெரிய ஆயுதம். இந்த ஆயுதத்தை நம் நாட்டுச் சட்டமே முறித்துப் போட்டு வெகுகாலமாயிற்று. ஐ.நா.வின் 2000-ஆம் ஆண்டு பலெர்மோ நெறிமுறையை மலேசியா 2009-இல் ஏற்றது. அதற்கும் முன்பே, 2007-இல், ஆள்கடத்தல் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 16-ஆம் பிரிவு, கடத்தப்பட்டவர் சம்மதித்தாரா இல்லையா என்பது வழக்குக்குப் பொருட்டே அல்ல என்கிறது. ஏமாற்றி, மிரட்டி, கதியில்லாத நிலையைப் பயன்படுத்தி வாங்கிய சம்மதம் சம்மதமாகாது என்ற எளிய நியாயம்தான். ஆயுள் முழுவதும் தோட்ட நிர்வாகத்தில் இருந்தவர் இந்தப் பிரிவைப் படித்ததில்லை என்றால் வியப்பில்லை. படித்தவர்கள் அதை அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்ததும் இல்லை.

சரி, விருப்பம் எப்படி உண்டாகிறது? வங்காளதேசத்திலிருந்து மலேசியாவுக்கு வர ஓர் ஆள் கட்ட வேண்டிய தொகை 78,990 டாகா என்று அந்நாட்டு அரசு 2022-இல் வரம்பு கட்டியது. வந்து சேர்ந்தவர்கள் கட்டியதோ நான்கு லட்சத்துக்கும் மேல். அன்றைய மாற்று விலையில் அது பதினாறாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். மாதம் 1,500 ரிங்கிட் என்று குறைந்தபட்சக் கூலி இருந்த காலத்தில், ஒரு வேளைகூடச் சாப்பிடாமல், ஒரு காசும் வீட்டுக்கு அனுப்பாமல் சேர்த்தாலும் பத்துப் பதினொரு மாதக் கூலி. அந்தப் பணம் நிலத்தை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் புரட்டியது. அதைக் கையில் வாங்கியவர்கள் கிராமத்துத் தரகர், டாக்கா முகவர், இங்குள்ள முகவர் என்று ஒரு வரிசை. வேலை ஒப்பந்தத்தில் சொன்னது ஒன்று, வந்து சேர்ந்த தோட்டத்தில் இருப்பது வேறொன்று என்றால் அந்தத் தொழிலாளி என்ன செய்வான்? திரும்பிப் போனால் நிலம் போகும். ஓடினால் அனுமதிச் சீட்டு முதலாளியின் பெயரில் இருப்பதால் மறுநாளே சட்டவிரோதக் குடியேறி. இருந்தால், துரை சொன்னதுதான் கூலி. இவனுக்குச் சங்கிலி எதற்கு?

இனி, நம் தாத்தா பாட்டிமார் கதைக்கு வருகிறேன். பெரியவர் இதைத் தொடாமல் இருந்திருந்தால் அவருக்கு நல்லது.

லிங்சத்திலும் லாபுவிலும் சுவா பெத்தோங்கிலும் பகாவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நம்மவர்கள் வந்திறங்கியது இரண்டு வழியில். முதலில் ஒப்பந்தக் கூலி முறை. வேலையை விட்டுப் போனால் அது சிறைக்குப் போகிற குற்றம். 1910-இல் அதை நிறுத்த முடிவாகி, அடுத்த சில ஆண்டுகளில் அது ஓய்ந்தது. அடுத்தது கங்காணி முறை. தன் ஊருக்கே போய், தன் சாதிசனத்திடமே பேசி, ஊர்க்கடனை அடைக்க முன்பணம் கொடுத்துக் கங்காணி ஆள் சேர்த்தான். அவன் கூட்டி வந்த ஆள் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வந்து நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு. ஆள் நோயில் படுத்தால் கங்காணிக்கு நட்டம், ஆள் ஓடினால் பெரிய நட்டம். அதனால் லயத்தில் இரவில் யார் எங்கே போகிறார்கள் என்று கங்காணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். இதைத்தான் நம் பெரியவர் விரும்பி வந்த வரலாறு என்கிறார்.

இதிலும் அவர் கவனிக்காமல் விட்ட ஒரு சங்கதி இருக்கிறது. அதைச் சற்று நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். 1907-இல் மலாயாவின் ஆங்கில அரசு தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை உண்டாக்கியது. தமிழ்க் கூலிகளை வைத்திருக்கும் ஒவ்வொரு தோட்டமும் ஆள் கணக்குப்படி அதற்குப் பணம் கட்ட வேண்டும். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம் செலவு, கப்பல் கட்டணம், ஆள் சேர்க்கும் செலவு எல்லாம் அந்த நிதியிலிருந்து போயிற்று. கப்பல் கட்டணத்தைத் தொழிலாளி தலையில் கடனாகக் கட்டுவது அதோடு நின்றது. வெள்ளைக்காரனுக்கு நம் மேல் இரக்கம் சுரந்துவிட்டது என்று யாரும் உருக வேண்டாம். ஒரு தோட்டம் காசு போட்டு வரவழைத்த ஆளை அடுத்த தோட்டம் ஆசை காட்டித் தட்டிக்கொண்டு போய்விடும். அந்தச் சண்டையைத் தீர்க்க, எல்லாத் தோட்டங்களும் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று கண்ட வழி அது. கணக்கு துரைமாருடைய கணக்கு. ஆனாலும் அதன் பலன் என்ன? கூலிக்கு வருகிறவன் வேலைக்காகக் காசு கட்டக்கூடாது, கூலி வேண்டுகிறவன்தான் கட்ட வேண்டும் என்பது 1907-லேயே இந்த மண்ணில் நடைமுறையாகிவிட்டது.

நூறு ஆண்டுக்கு மேல் கழிந்து, 2021 டிசம்பரில், அப்போதைய நம் மனிதவள அமைச்சர் எம். சரவணன் கோலாலம்பூரில் வங்காளதேசத்துடன் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதன்படி ஆள் அனுப்பும் உரிமை முதலில் வங்காளதேசத்தின் 25 முகவர் நிறுவனங்களுக்கு மட்டும் கிடைத்தது, பிறகு அந்த எண்ணிக்கை நூறாயிற்று. கதவு குறுகினால் காவலாளிக்குக் கொண்டாட்டம். நான் மேலே சொன்ன நான்கு லட்சம் அந்தக் கதவில் வசூலானதுதான். 2024 மே 31-ஆம் தேதியோடு நுழைவு நிறுத்தப்பட்டபோது, பணம் முழுவதையும் கட்டிவிட்டு விமானம் ஏற முடியாமல் டாக்காவில் நின்றவர்கள் ஏறத்தாழ 17,000 பேர். காலனி அரசு தோட்டக்காரனிடம் வாங்கிய செலவைச் சுதந்திர மலேசியாவில் கூலிக்காரனிடமே வாங்குகிறோம். பெரியவர் ஒப்பிடச் சொன்னாரே, ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று.

அந்தக் குடியேற்ற நிதியின் மிச்சம் பிறகு தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறி, 1999-இல் கலைக்கப்பட்டு அரசாங்கக் கணக்கில் கரைந்தது என்பதும் நம் பெரியவர்கள் எழுத வேண்டிய ஒரு கட்டுரைதான். அதற்கு யாருக்கும் முழுப் பக்கம் கிடைப்பதில்லை.

அடுத்தது கடப்பிதழ். களவு போகாமல் இருக்க நிர்வாகம் பாதுகாத்துக் கொடுக்கிறதாம். வங்கி அட்டையும் களவு போகும், கைப்பேசியும் களவு போகும். அவற்றை ஏன் வாங்கிப் பூட்டவில்லை? 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி, பிறர் கடப்பிதழைச் சட்டப்படியான உரிமை இல்லாமல் வைத்திருப்பது 10,000 ரிங்கிட் அபராதமும் ஐந்து ஆண்டுச் சிறையும் கிடைக்கக்கூடிய குற்றம். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் கட்டாய உழைப்பைக் கண்டுகொள்ளப் பதினொரு அடையாளங்களைச் சொல்கிறது. ஆவணத்தைப் பறித்து வைப்பது அதில் ஒன்று, கடன்பிணை இன்னொன்று, கூலியை நிறுத்திவைப்பது மற்றொன்று. பாதுகாப்புதான் நோக்கம் என்றால் வழி இல்லாமலா போயிற்று? அமெரிக்கத் தடைக்குப் பயந்த காலத்தில் எஃப்.ஜி.வி. நிறுவனம், சாவி தொழிலாளியிடமே இருக்கும் பெட்டிகளைத் தன் தோட்டங்களில் வைத்தது. அந்தப் பெட்டியின் விலை பத்து ஆண்டுக்கு முன்னும் அதிகமில்லை.

தடை என்றதும் பெரியவருக்குச் சதி நினைவுக்கு வரும். 2020 செப்டம்பர் 30-இல் எஃப்.ஜி.வி.யின் பாமாயிலையும், டிசம்பர் 30-இல் சைம் டார்பி பிளான்டேஷனின் பாமாயிலையும் அமெரிக்கச் சுங்கத் துறை துறைமுகத்தில் நிறுத்தியது. கட்டாய உழைப்பில் விளைந்த சரக்கு என்ற சந்தேகத்தின் பேரில் அது நடந்தது. சைம் டார்பிக்கு நெகிரி செம்பிலானிலும் தோட்டங்கள் உண்டு, எஃப்.ஜி.வி.யின் தாய்வீடான பெல்டாவின் நிலத்திட்டங்கள் பாலோங்கிலும் செர்த்திங்கிலும் உண்டு. ஆகவே இது எங்கோ நடந்த கதை இல்லை.

சோயா எண்ணெய்க்காரர்களுக்காகப் பாமாயிலை மடக்குகிறார்கள் என்பது வாதம். அப்படியானால் அதே ஆண்டு ஜூலையில் டாப் குளோவ் கையுறையை ஏன் நிறுத்தினார்கள்? கையுறைக்குப் போட்டியாக எந்த எண்ணெய் இருக்கிறது? 2018-இல் துர்க்மெனிஸ்தான் பருத்தியையும், 2022-இல் டொமினிக்கன் குடியரசின் சர்க்கரையையும் ஏன் நிறுத்தினார்கள்? அமெரிக்கா புத்தனும் இல்லை, அது தன் சிறைகளில் கைதிகளிடம் வாங்கும் உழைப்பை உலகமே அறியும். அது கெட்டவன் என்பதால் நம் தோட்டத்தில் நடந்தது நடக்காததாகிவிடுமா?

நடந்தது என்பதற்குச் சாட்சி வேறெங்கும் தேட வேண்டாம். 2022-இல் சைம் டார்பி பிளான்டேஷன், ஆள் சேர்ப்புக் கட்டணமாகத் தொழிலாளர்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தர ஏறத்தாழ 8 கோடியே 20 லட்சம் ரிங்கிட் ஒதுக்கியது. அதன் பிறகுதான், 2023 பிப்ரவரியில், அமெரிக்கா தடையை நீக்கியது. யாரும் காசு கட்டி வரவில்லை, யாரும் கடன்படவில்லை என்றால் எதைத் திருப்பிக் கொடுத்தார்கள்? வாங்கியவன் வாங்கவில்லை என்று சாதிக்கலாம். திருப்பிக் கொடுத்தவனே ஒப்புக்கொண்ட பிறகு, ஓய்வு பெற்றவர் வந்து மறுக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்காவது ஒரு தட்டுச் சோறு வேண்டும். (அந்த நிறுவனம் 2024-இல் எஸ்டி குத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. நம் பாட்டன்மாருக்குப் பழக்கமான பெயர்தான்.)

வெளியிலிருந்து கழுத்தைப் பிடித்தால்தான் இங்கே கை அசையும் என்பதும் புதிதல்ல. 1938-இல் தோட்ட முதலாளிகள் தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலியை ஐம்பது காசிலிருந்து குறைத்தார்கள். இந்திய அரசு உடனே தொழிலாளர் ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. கங்காணி முறை செத்தது அந்தத் தடையில்தான், துரைமாரின் மனமாற்றத்தில் இல்லை. அன்றும் இது இந்திய அரசியல்வாதிகளின் சூழ்ச்சி என்று சொல்லத் துரைமார் கிளப்பில் ஆள் இருந்திருப்பார்கள். இன்று அதைச் சொல்லத் தமிழர் கிடைத்திருக்கிறார், அதுதான் வளர்ச்சி.

அரசாங்கம் எல்லாம் செய்துவிட்டது என்பதற்கு வருவோம். செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சட்டம் போடுவதில் குறையே இல்லை. 2007 சட்டத்தை 2010-லும் 2015-லும் 2022-லும் திருத்தினார்கள். 2021-இல் கட்டாய உழைப்பு ஒழிப்புக்குத் தேசியச் செயல்திட்டம் வந்தது. 2022 மார்ச்சில் கட்டாய உழைப்பு பற்றிய அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறையை ஏற்றார்கள். (அதே நிறுவனத்தின் 105-ஆம் உடன்படிக்கையை 1958-இல் ஏற்று 1990-இல் கைகழுவிய நாடும் இதுதான்.) 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் 90பி என்று ஒரு பிரிவு நடப்பில் இருக்கிறது. கட்டாய உழைப்பு வாங்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரிவை முழுதாகப் படியுங்கள். மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கினால் மட்டும் போதாது, வேலை செய்யும் இடத்தைத் தாண்டிப் போகவிடாமலும் தடுத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் குற்றம். தோட்ட வாசலில் தடுப்புக்கட்டை இல்லாமல், கடனே வேலியாக நிற்கும்போது இந்தச் சட்டம் யாரைப் பிடிக்கும்?

பிடிக்கிற கை யாரைப் பிடித்தது என்பதற்கு ஒரு நாளைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 20, ஜொகூர் பெங்கெராங். வேலை தருவதாக வரவழைத்து மாதக்கணக்கில் வேலையே தராமல் போட்டுவைத்த முகவர் மேல் புகார் கொடுக்க, 171 வங்காளதேசத் தொழிலாளர்கள் காவல் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். கைதானது முகவரா? அந்த 171 பேர்தான். பிறகு தொழிலாளர் துறையில் கூலிப் பாக்கி வழக்கு நடந்து, 733 பேருக்குப் பத்து லட்சம் ரிங்கிட்டுக்குச் சற்று மேல் கொடுக்க முடிவாயிற்று. நல்லது. ஆனால் ஏமாற்றி ஆள் கடத்தி வந்த விவகாரம் சம்பளப் பாக்கி விவகாரமாகச் சுருங்கியதைப் பாருங்கள். ஆள்கடத்தலுக்குப் பலியானவர் என்று அடையாளம் காணப்பட்டாலும் நிலைமை பெரிதாக மாறாது. விசாரணை முடிய 21 நாள் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை, பிறகு இன்னோர் ஆணை, அரசின் காப்பகத்தில் இருப்பு, விரும்பியபடி வெளியே போக முடியாது. கடனுக்கு வட்டி மட்டும் ஊரில் ஓடிக்கொண்டிருக்கும். இப்படி இருக்கும்போது எந்தத் தொழிலாளி வாய் திறப்பான்?

வாய் திறந்தவருக்கு நடந்ததும் நமக்குத் தெரியும். 1995-இல் குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் சித்திரவதையை அறிக்கையாக வெளியிட்டார் தெனகானித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ். தோட்டத்தில் வேலை பார்த்தவரின் மகள் அவர். பொய்ச் செய்தி வெளியிட்டதாக 1996-இல் அவர்மேல் வழக்கு, 2003-இல் சிறைத் தண்டனை, 2008-இல்தான் விடுதலை. முகாம்களை நடத்தியவர்களைத் துருவாமல், சொன்னவரைப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் நீதிமன்றப் படியேற வைத்தார்கள். வாங் கெலியானுக்கும் அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள், 2019-இல் விசாரித்தார்கள், அறிக்கை வெளியே வர 2022 ஆயிற்று. 2023-இல் குற்றக் கூண்டில் நின்றவர்கள் நான்கு தாய்லாந்துக்காரர்கள். எல்லைக்கு இந்தப் பக்கத்து மலையில் 139 குழி வெட்டியது யாருக்கும் தெரியாமல் நடந்ததென்று நாமும் நம்பிக்கொள்வோம்.

மனமிருந்தால் என்ன செய்யலாம் என்பதற்குப் பிரேசிலைப் பாருங்கள். கரும்பும் மாடும் காப்பியும் வளர்க்கும் பண்ணை முதலாளிகள் அரசியலையே கையில் வைத்திருக்கும் நாடு அது. அங்கே 1995 முதல் தொழிலாளர் ஆய்வாளர்கள் காவலர்களோடு முன்னறிவிப்பில்லாமல் பண்ணைக்குள் நுழைகிறார்கள். 2003 முதல், அடிமை வேலை வாங்கியதாக முடிவான முதலாளியின் பெயர் அரசின் கறுப்புப் பட்டியலில் ஏறுகிறது. பட்டியலில் இருப்பவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். கடன்பிணையும் இழிவான வேலைநிலையும் அங்கே சட்டப்படியே அடிமைத்தனம், வாசலைப் பூட்டினாயா என்று யாரும் கேட்பதில்லை. நம்மிடம் அப்படிப் பொதுப் பட்டியல் உண்டா? 2020 டிசம்பரில் காஜாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் தங்குமிடத்தைப் பார்த்த அமைச்சர் சரவணனே, அதை நவீன அடிமைத்தனம் என்று வாய்விட்டுச் சொன்னார். அமைச்சர் கண்ணுக்குத் தெரிந்தது, நம் பெரியவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஊரில் சம்பாதிப்பதைவிட இங்கே அதிகம் சம்பாதிக்கிறார்களே என்றும் கேட்கிறார். தஞ்சைப் பண்ணையாளின் கூலியைவிட லிங்சத்தில் அதிகம் என்றுதான் நம்மையும் கூட்டி வந்தார்கள். அதைக் காட்டித்தான் அரை நூற்றாண்டு காலம் கூலியை ஐம்பது காசைச் சுற்றியே வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கை ஏற்காமல்தான் பி.பி. நாராயணன் போன்றவர்கள் நெகிரி செம்பிலானிலிருந்து தொழிற்சங்கம் கட்டினார்கள். அவர்கள் கட்டியதை வைத்து உத்தியோகத்துக்கு உயர்ந்தவர்கள் இன்று அடுத்தவனிடம் துரைமாரின் கணக்கையே ஒப்பிக்கிறார்கள்.

இதில் தமிழர் பங்கையும் மூடி மறைக்க வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் லயத்தைவிட்டு வெளியேறிய பிறகு அங்கே எஞ்சியிருப்பவர்களில் பலர் மண்டோர்கள் (மேற்பார்வையாளர்கள்), கிராணிகள் (கணக்கர்கள்), குத்தகைக்காரர்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆள் வரவழைக்கும் முகவர்களிலும் தமிழர் உண்டு. இந்தியரில் குறைந்த படிப்புடையோர் மலேசியாவுக்கு வேலைக்கு வரக் குடியகல்வு அனுமதி வேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் சுற்றுலா வரலாம் என்றானதும், அந்தப் பாதையிலேயே ஆளை இறக்கிவிட்டுப் பிறகு அனுமதி எடுத்துத் தருகிறேன் என்று சொல்வது எளிதாகிவிட்டது. முப்பது நாள் கழிந்ததும் அவன் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

ஆகவே என் கடைசி வார்த்தை பெரியவருக்கு அல்ல. அவருக்குச் சொல்லிப் பயனில்லை. இன்று தோட்ட அலுவலகங்களில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்கள் அலுவலக அலமாரியில் தொழிலாளர்களின் கடப்பிதழ்கள் கட்டுக் கட்டாக இருந்தால், சாவி வைத்திருக்கும் நீங்களும் சட்டத்தின் முன் நிற்க வேண்டிவரும், துரை வரமாட்டார். அவற்றை உரியவர்களிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கூலிச் சீட்டில் காரணம் சொல்லாத பிடித்தம் இருந்தால் மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள். 2021 முதல் அதற்கு ஒரு கைப்பேசிச் செயலியும் இருக்கிறது. அந்தத் தொழிலாளிக்கு மலாய் படிக்கத் தெரியாவிட்டால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்காக எழுதிக் கொடுங்கள்.